காலியாக வந்த கடைசிப் பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். படக்கதை போட ஆரம்பித்ததே அப்படி ஒரு கோபத்தில்தான்.

அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை என்று வாடகை வீடு. நான் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஆனால் நிரந்தரம் கிடையாது. யாராவது பிரசவ லீவில் போனால் அவர் திரும்பி வரும்வரை அந்த வகுப்பு எனக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரசவங்களுக்குக் குறைவில்லாததால் என் பிழைப்பும் ஒருவாறு ஓடியது. என் கணவர் கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். காலையில் மின்சார ரயிலில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

எனக்குப் படம் வரைய யாரும் சொல்லித்தரவில்லை. கோடை விடுமுறையில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி நடக்கும். அதற்காக அட்டையில் ஆட்களை வரைந்து, வெட்டி, பலகை மேல் விரித்த ஃபிளானல் துணியில் ஒட்டவைத்துக் கதை சொல்வேன். ஒரு வருடம் யோனாவின் கதை. மீன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற யோனாவின் தலைக்கு மேல் முட்டை மாதிரி ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் "இங்க ஒரே கவிச்சி வாடை" என்று எழுதி ஒட்டினேன். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த போதகர் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு வட்டத்துக்குள் எழுதிய நாலு வார்த்தை இத்தனை பேரைக் கீழே தள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வட்டத்துக்குப் பெயர் பலூன் என்று பின்னால் தெரிந்தது.

அந்தத் தைரியத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒரு படக்கதை வரைந்து அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே யாரோ அன்பாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்: கோலங்கள், கைவேலைக் குறிப்புகள் இருந்தால் அனுப்பலாம், சகோதரி. நிராகரித்ததுகூடப் பரவாயில்லை, அந்தச் 'சகோதரி'தான் சுருக்கென்று தைத்தது. சாயங்காலம் என் கணவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "நானே புத்தகம் போடப்போறேன்" என்றேன். ஒரு கால் செருப்போடு நின்றபடியே அவர் "உன் இஷ்டம்" என்றார்.

இப்படித்தான் என் படக்கதையின் நாயகன், எங்கள் தபால்காரர் பிறந்தார். காக்கி உடுப்பு, கேரியரில் பை, ஓட்டை சைக்கிள். தாம்பரத்தைச் சுற்றித் தபால் கொடுத்துக்கொண்டே திருட்டுகளைக் கண்டுபிடிப்பார். துப்பாக்கி கிடையாது. எந்த வீட்டுக்கு மணியார்டர் வருகிறது, எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்பது அவருக்குத் தெரியும், அது போதாதா? ஒரு இதழில் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சைக்கிளிலேயே ஒருவனைத் துரத்தினார். இன்னொன்றில் கோவிலம்பாக்கத்தில் காணாமல் போன எருமையைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் நானும் அந்த இடங்களுக்கு நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அவர் வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார், நான் மரத்தையும் சுவரையும் வரைந்துகொள்வேன். இதற்கு மேல் ஒரு சுகம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தமிழில் படக்கதை போடுகிறவளுக்கு வில்லனைவிடப் பெரிய எதிரி வாக்கியம். ஏரியில் மூழ்குகிறவள் 'காப்பாற்றுங்கள்' என்று கத்தினால் அந்த பலூனே அவளை அமுக்கிவிடும். எழுத்தைச் சின்னதாக்கினால் அச்சில் அப்பிக்கொள்ளும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். படத்தை மட்டும் முதலில் அட்டையில் மையால் வரைந்துவிடுவேன், பலூனெல்லாம் காலியாக இருக்கும். வசனத்தைத் தனியாகத் துண்டுக் காகிதத்தில் எழுதி, படித்து, அடித்து, சுருக்கி, இனிமேல் ஒரு எழுத்துகூடக் குறைக்க முடியாது என்று ஆன பிறகு அந்தத் துண்டை வெட்டி பலூனுக்குள் ஒட்டுவேன். அந்த அட்டையை டவுனில் பிளாக் செய்கிறவரிடம் கொடுத்தால் படம் பிடித்துத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காக்கிக் கொடுப்பார். பிறகு தாம்பரத்திலேயே ஒரு சின்ன பிரஸ்ஸில் அச்சு.

ஒட்டுகிற பசை வீட்டில் காய்ச்சியதுதான். மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டினால் பசை. பைண்டிங் வேலை செய்கிறவர்கள் அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. அது விஷம். சோறு வடிக்கிற இடத்தில் விஷம் எதற்கு என்று நான் கலப்பதில்லை. இதை ஞாபகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில் போய்த்தான் முடிந்தது.

விற்பனைதான் என் தலைவலி. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெட்டிக்கடைக்காரர் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். மீதியை என் கணவர் ரயிலில் எடுத்துப் போவார். கூவி விற்கிற ஆள் இல்லை அவர். புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு புத்தகத்தின் அட்டை தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால் கொடுப்பார். கேட்டார்கள், வாங்கினார்கள், பிடித்தும் இருந்தது. அப்புறம் என்ன தலைவலி என்றால், எங்கள் ரயிலின் வழக்கம்தான்.

காலை ரயிலில் ஒருவர் ஒரு பேப்பரோடு ஏறுவார். குரோம்பேட்டையில் பக்கத்து ஆள் "சார், நடுத் தாளைக் கொஞ்சம் குடுங்க" என்பார். பல்லாவரத்தில் விளையாட்டுப் பக்கம் எதிர் சீட்டுக்குப் போகும். பரங்கிமலை வரும்போது அந்தப் பேப்பர் தாள் தாளாகப் பெட்டி முழுவதும் இருக்கும். சைதாப்பேட்டை தாண்டியதும் ஒவ்வொரு தாளாகத் திரும்பி வந்து, ஒழுங்காக மடிக்கப்பட்டு, சொந்தக்காரர் கையில் சேரும். இதில் வெட்கமும் இல்லை, நன்றியும் இல்லை. என் தபால்காரருக்கும் அதே கதிதான் நேர்ந்தது. ஒருவர் வாங்குவார். பின்னை நகத்தால் நிமிர்த்தி நடுத் தாளை உருவி இன்னொருவருக்குக் கொடுப்பார். ஒரு புத்தகத்தை ஒரு பெட்டியே படித்து முடிக்கும்.

"எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்கம்மா" என்று அவர் சந்தோஷமாக வந்து சொல்வார்.

"நான் என்ன அன்னதானமா பண்றேன்?" என்று கத்துவேன்.

இப்படிப் பிரஸ்ஸுக்கும் காகிதத்துக்கும் கொடுத்தது போகக் கையில் ஒன்றும் பெரிதாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் தலைமை ஆசிரியையை அப்படித்தான் அழைப்போம். நல்ல மனுஷி. கல்யாணமே செய்துகொள்ளாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகவே வாழ்ந்தவர். நிரந்தர வேலை ஒன்று காலியாகிறது என்றார். பென்ஷன் உண்டு. எனக்குத்தான் தர நினைக்கிறார். ஆனால் ஒரு விஷயம்.

"நிரந்தரம் ஆயிட்டா இந்தப் பொம்மைப் புத்தகத்தை விட்டுடணும். நிர்வாகத்துல ஒத்துக்கமாட்டாங்க. ஸ்கூல்லயும் வேலை, வெளியிலயும் வியாபாரம்னா பேச்சு வரும். இந்த மாசக் கடைசித் திங்கட்கிழமை வந்து பதில் சொல்லு."

சர்ச்சில் எப்படியோ இது பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஒரு அக்கா என் கன்னத்தைக் கிள்ளி "கர்த்தர் கண்ணைத் திறந்துட்டார்" என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்கு நிரந்தர டீச்சர் வேலை என்றால் சும்மாவா! நான் சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளே தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிப் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது போல ஒரே துக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம்மா" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை நான் எப்படி எப்படியோ புரிந்துகொண்டு பார்த்தேன். சம்மதம் என்று அர்த்தமா? நான் தலையிடமாட்டேன் என்றா? எப்படிப் போனால் எனக்கென்ன என்றா? பாதி நாள் அவருடைய பெருந்தன்மை என்று நினைப்பேன், மீதிப் பாதி நாள் தட்டை ணங்கென்று வைப்பேன். என் இஷ்டம் எனக்குத் தெரியும். அவர் ஒரு சம்பளத்தில் வீட்டை ஓட்டிக்கொண்டு, நான் படம் போடுகிறேன் என்று உட்கார்ந்திருந்தால் அது அவருக்குப் பாரமா இல்லையா, அதுதான் எனக்குத் தெரியவேண்டும். அதை மட்டும் அந்த மனிதர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

கையில் ஒரு இதழ் பாக்கி இருந்தது. படங்கள் முடிந்து, பிளாக்கும் முக்கால்வாசி ஆகி, பிரஸ்ஸும் காத்துக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி இதழோ என்னவோ என்று நினைத்து அதை நன்றாகவே செய்தேன். கதை இதுதான். ஒரு கம்பெனியில் சரக்குப் பெட்டிகள் காணாமல் போகின்றன. மேனேஜர் ஒரு அப்பாவி கிளார்க்கின் மேல் பழியைப் போட்டு வேலையை விட்டு நீக்கிவிடுகிறார். தபால்காரர் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நாணலுக்குள் பெட்டிகளைக் கண்டுபிடிக்கிறார். ஒளித்து வைத்ததே மேனேஜர்தான். கடைசிப் பக்கத்தில் ஏரிக்கரையில் அந்த கிளார்க்கும் மேனேஜரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கிளார்க் விரலை நீட்டி வாயைத் திறக்கிறான். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அந்தப் பக்கத்துக்கு நான் எழுதிய வசனம், நானே சொல்லிக்கொள்கிறேன், அருமையாக வந்திருந்தது. நேர்மை, உழைப்பு, மனச்சாட்சி எல்லாம் இருந்தது.

நவம்பர் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்டிய பசை காயவே இல்லை. கடைசிப் பக்க அட்டையை மட்டும் சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மேலே இருந்த பலகையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன், சூட்டில் காயட்டும் என்று. காலையில் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையால் டிபன் கட்டிக்கொண்டே இன்னொரு கையால் அந்த அட்டையைப் பழைய பேப்பரில் சுருட்டி அவர் பையில் சொருகினேன். பிளாக் செய்கிற இடம் அவர் ஆபீஸ் பக்கம்தான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிளாக் நேராகப் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டது. பிரஸ்காரர் "படம்தானே, பிளாக்தானே" என்று அடித்துத் தள்ளிவிட்டார்.

அச்சான கட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு எனக்கு எப்போதும் போல ஒரே குதூகலம். புது மை வாசனைக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். மேலே இருந்த ஒரு புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக ரசித்துக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கிளார்க் விரலை நீட்டி வாயைத் திறந்திருந்தான். பலூன் காலியாக இருந்தது. மேனேஜரின் பலூனும் காலி. ஆறு கட்டம், ஆறு பலூன், ஒன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

சமையலறைக்கு ஓடினேன். கடுகு டப்பாவுக்குப் பின்னால் என் வசனங்கள் சருகு மாதிரி உதிர்ந்து கிடந்தன. பின்பக்கத்துப் பசையைக் கரப்பான் பூச்சிகள் சுத்தமாகத் தின்றுவிட்டு, ஓரத்தையும் கொஞ்சம் ருசி பார்த்திருந்தன. 'மனச்சாட்சி'யில் பாதி இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அழுகை கோபமாக மாறியது. மயில்துத்தம் கலக்காத என்னையே திட்டிக்கொண்டேன், மழையைத் திட்டினேன், ஒரு வார்த்தை சொல்லாமல் பிளாக் போட்ட மனிதரைத் திட்டினேன். மறுபடி அச்சடிக்கக் காகிதம் இல்லை. ஒரே வழிதான், ஒவ்வொரு புத்தகத்திலும் நானே கையால் எழுத வேண்டும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கொஞ்சம் புத்தகங்களுக்குள்ளேயே விரல் மரத்துவிட்டது. காலையில் அவர் கிளம்பும்போது வந்து நின்று, "எழுதினது எது, எழுதாதது எது?" என்று கேட்டார்.

"எதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க! கடைசித் தடவைதானே!" என்றேன்.

அவர் மேலே இருந்த கட்டை எடுத்துக்கொண்டு போனார். எழுதாத கட்டு.

சாயங்காலம் வெறும் பையோடு வந்தார். சட்டைப் பையில் பேனாவைக் காணோம். யாரோ வாங்கி, கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டதாம். முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது, ஆனால் இந்த மனிதருக்கு நடந்ததைச் சொல்ல வராது. "எல்லாம் போச்சு" என்றார். நான் நெஞ்சில் கை வைத்தேன். "வித்துப்போச்சு" என்று திருத்தினார்.

"யார் வாங்கினா? கடைசிப் பக்கம் காலின்னு பார்க்கலையா?"

"அதான் வாங்கினாங்க" என்றார். அதற்கு மேல் பிடுங்க முடியவில்லை. "நீயே வந்து பாரேன்" என்றார்.

சனிக்கிழமை காலை நானும் கிளம்பினேன். பெண்கள் பெட்டிக்குப் போகாமல் அவர் ஏறுகிற பெட்டியிலேயே ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். நான் யாரென்று சொல்லக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். அவர் வழக்கம்போலக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

பல்லாவரத்தில் ஒருவர் தொற்றி ஏறினார். கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. கை முழுக்க எண்ணெய்க் கறை. வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"சார், இன்னொண்ணு கீதா? நேத்து வாங்கினதை எங்க ஃபோர்மேன் புடுங்கிக்கினு பூட்டான்."

"ஏம்பா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இன்னா ஏன்? அந்த மேனேஜரு மூஞ்சி கீதே, அதுல அவன் மீசையைப் போட்டுட்டேன். கிளார்க்கு பலூன்ல, 'யோவ், போன மாச ஓவர்டைம் துட்டு எங்கய்யா'ன்னு எய்திட்டேன். பாத்துட்டான்."

பெட்டியே சிரித்தது. எதிரில் வெள்ளைச் சட்டை போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நேற்றே வாங்கியது. கிளார்க்கின் பலூனில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'லீவு கேட்டபோது என் மகள் கல்யாணம் என்றேன். அதற்கென்ன அவசரம் என்று கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா?' மேனேஜரின் பலூனில் வெறும் ஒரு மன்னிப்பு. அதைப் படித்துக் காட்டும்போது அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை. பக்கத்து ஆள் அவர் தோளில் கை வைத்தார்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. காலை ரயிலில் போகிற ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார். ஒவ்வொருவர் தொண்டையிலும் வருடக்கணக்காக ஒரு வாக்கியம் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் 'நேர்மை உழைப்பு மனச்சாட்சி'யை யார் கேட்டார்கள்? அதைக் கரப்பான் தின்றதே நல்லது. இன்னொன்றும் பார்த்தேன். ஒருத்தர்கூட நடுத் தாளை உருவிப் பக்கத்து ஆளிடம் கொடுக்கவில்லை. படிக்கக் கொடுப்பார்கள், எழுதக் கொடுப்பார்களா? தன் மேனேஜரைத் தானேதான் திட்டவேண்டும். "எனக்கு ஒண்ணு", "எனக்கும் ஒண்ணு சார்" என்று கைகள் நீண்டன. மீனம்பாக்கத்தில் ஏறியவர் மனைவிக்கும் சேர்த்து இரண்டு வாங்கினார். "அவளுக்கு யாரு மேனேஜர்?" என்று ஒருவர் கேட்க, "நான்தான்" என்றார் பாவமாக.

லேத் பட்டறைக்காரர் திடீரென்று என் கணவரைப் பார்த்து, "அத்த வுடு சார், நீ இன்னா எய்தினே? காட்டு" என்றார். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். விடவில்லை, பையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பேனா கைமாறிப் போவதற்கு முன்னால் எழுதியிருப்பார் போல. விரலை நீட்டி, நரம்பு புடைக்க நிற்கிற என் கிளார்க்கின் பலூனில் அவர் கையெழுத்தில் இருந்தது: 'சார், ஒரு விண்ணப்பம்.'

அவ்வளவுதான். மீதி ஐந்து பலூனும் காலி. பெட்டி ஜன்னல் அதிரச் சிரித்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அத்தனை பேர் நடுவில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கிண்டி வருவதற்குள் கட்டு காலி. நான் மட்டும் இறங்கித் திரும்பி வருகிற வழியில் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அடுத்த இதழில் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும், அதற்கடுத்ததில் ரேஷன் கடை, அப்புறம் மாமியார் என்று கதைகள் வரிசையாக வந்து நின்றன. எழுத வேண்டியது முழுவதும் எழுதி, ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறவருக்கு விட்டுவிட வேண்டும். விற்ற காசில் காகிதம் வாங்கிப் பிரஸ்காரரிடம் போய் இதையே மறுபடி அடிக்கச் சொன்னேன். "கடைசிப் பக்கம்?" என்று கேட்டார். "தொடாதீங்க" என்றேன்.

ஆனாலும் ஒரு இதழ் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பதற்காகப் பென்ஷனோடு வருகிற வேலையை உதறுகிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. அடுத்தது ஓடாமல் போகலாம். மழைக்காலத்தில் எல்லாம் நின்று போகலாம். அப்போது அந்த ஒற்றைச் சம்பளத்தின் மேல்தான் எல்லாம் விழும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே நினைத்துக்கொண்டு, சந்தோஷத்தையும் முழுதாக அனுபவிக்க முடியாமல், சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரை இருவருக்கும் ஒரே வழி. நல்ல புடவை கட்டியிருந்தேன், வேலையை ஏற்றுக்கொள்ளப் போகிறவள் மாதிரி. உண்மையில் ஏற்றுக்கொள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் அவர் நின்றார். எப்போதும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறவர், அன்றைக்குப் போகவில்லை.

"ஒண்ணு சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க."

"இத்தனை வருஷமா அதே பெட்டியில போறேன். புத்தகம் கேட்டதைத் தவிர யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. எனக்கும் பேச வராது. சனிக்கிழமை நீ இறங்கினப்புறம் படம் போடறது யாருன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். சாயங்காலம் நான் ஏறினா, இடம் போட்டு வெச்சிருக்காங்க. 'படக்கதை அம்மா வீட்டுக்காரர் வந்துட்டார், நகருங்க'ன்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஜனங்களில் ஒரு ஆண்பிள்ளையை மனைவியின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டினால் அதைவிடக் கேலி வேறு இல்லை.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா." உள்ளே ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அது வேணும். நீ அந்த வேலைக்குப் போகாத."

அத்தனை வருடத்தில் அவர் தனக்கு என்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் பதில் சொல்வதற்குள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவிட்டார். நான் அந்த வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போக, ஒரு சின்னப் பெண் மாதிரி பூரித்துப்போய் நின்றேன்.

பெரிய டீச்சர் அறையில் காகிதங்களைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் டீச்சர் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்? வீட்டுல என்ன சொல்றார்?"

"அவர்தான் டீச்சர் போக வேணாம்னு சொல்லிட்டார்."

பெரிய டீச்சர் நெடுமூச்சு விட்டார். எழுந்து வந்து பரிதாபத்தோடு என் தலையைத் தடவிக் கொடுத்தார். "கல்யாணம் பண்ணிக்கிட்டா இதுதான்" என்றார். "பொண்டாட்டி தன்னைவிட ஒரு படி மேலே போயிடுவாளோன்னு எல்லா ஆம்பளைக்கும் ஒரு பயம்."

அவர் மனதை நோகடிக்க எனக்கு இஷ்டமில்லை. தலையைக் குனிந்துகொண்டு "ஆமா டீச்சர்" என்றேன். கேட்டைத் தாண்டித் தெருமுனை வரும்வரை அடக்கிக்கொண்டேன். அப்புறம் முடியவில்லை, நடுத்தெருவில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் அடுத்த கதைக்கு முதல் கட்டத்தைப் போட்டேன்.